எஃப்.ஐ.ஆர். முதல் தீர்ப்பு வரை: வழக்கில் பெயர் வந்துவிட்டால் என்ன செய்வது?

குற்ற வழக்குகளைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். ‘அவன் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள், இனி அவ்வளவுதான்’ என்பது ஒன்று. ‘ஜாமீன் கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்தது’ என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவதை நம்புகிறவர் பயந்துபோய் ஊரைவிட்டு ஓடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் வாய்தாவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கடைசியில் இருவர் பெயரிலும் பிடிவாரண்டு வருகிறது.

குற்ற வழக்கு பல படிகள் கொண்டது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும். இந்தியச் சட்டப்படி அந்தப் படிகள் என்னென்ன என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒரு சிறு முன்குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் வந்துவிட்டன. நாம் மேடைப் பேச்சு வரை கொண்டுபோன 420 இப்போது 318 ஆகிவிட்டது. கொலைக்கான 302 இப்போது 103. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும். எனவே காகிதத்தில் எந்த எண் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

மருத்துவமனைச் சீட்டும் முதல் தகவல் அறிக்கையும்

மருத்துவமனைக்குப் போகிறவரின் சீட்டில் முதலில் ‘நெஞ்சு வலி’ என்று எழுதுவார்கள். அது நோயின் பெயர் அல்ல, வந்தவர் சொன்னது. பிறகு ரத்தம் எடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். முடிவுகளெல்லாம் ஓர் அறிக்கையாக மருத்துவரின் மேசைக்கு வருகின்றன. நோய் இன்னது என்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார். ‘ஒன்றுமில்லை, வாயுத் தொல்லைதான், வீட்டுக்குப் போங்கள்’ என்றும் சொல்லலாம்.

முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., அந்த முதல் சீட்டு. நீதிபதியின் உத்தரவு இல்லாமலே விசாரிக்கக்கூடிய ஒரு குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் காவல்துறை அதைப் பதிவு செய்தாக வேண்டும். பரிசோதனைகளின் இடத்தில் இருப்பது புலன் விசாரணை. காவல்துறை சாட்சிகளையும் தடயங்களையும் சேகரிக்கும் கட்டம். அது முடிந்ததும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் அறிக்கைதான் குற்றப்பத்திரிகை. நீதிபதி அதைப் படித்து, வழக்கை நடத்த முகாந்திரம் இருக்கிறதென்று கண்டால் குற்றச்சாட்டு வனைகிறார். எந்தச் செயலுக்காக, எந்தப் பிரிவின்கீழ் விசாரிக்கப்போகிறோம் என்று எழுத்தில் வரையறுப்பது அது. பிறகு சாட்சி விசாரணை, வாதம், கடைசியாகத் தீர்ப்பு.

ஆனால் மருத்துவமனையில் பரிசோதனை செய்கிறவர் உங்கள் நலனுக்காகச் செய்கிறார். இங்கே அறிக்கை எழுதுகிறவர் உங்களுக்கு எதிர்த்தரப்பு. உங்களுக்குத் தனியாக ஒரு வழக்குரைஞர் தேவைப்படுவது அதனால்தான்.

சுருக்கமாக: எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பது புகார். குற்றப்பத்திரிகையில் இருப்பது காவல்துறையின் முடிவு. குற்றச்சாட்டு வனைந்தாலும் அது விசாரணையின் தொடக்கம்தான். குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் தீர்ப்புக்கு மட்டுமே உண்டு.

கையில் வந்த காகிதம் எது?

‘ஸ்டேஷனிலிருந்து ஏதோ வந்திருக்கிறது’ என்று பதறுவதற்கு முன் அது என்ன என்று பாருங்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவருக்கு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. உங்கள்மீது சி.எஸ்.ஆர். இருக்கிறதென்றால், புகார் வந்திருக்கிறது, வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்று பொருள்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதென்றால் முதல் வேலை அதன் நகலை வாங்குவது. 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இணையத்தில் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் மனுச் செய்து பெறலாம். எந்தப் பிரிவுகள் என்று தெரியாமல் எந்த வழக்குரைஞரும் உருப்படியாக ஆலோசனை சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆரைப் பார்க்காமலே ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தைரியம் சொல்கிறவரைக் கண்டால் நான் சற்று விலகியே நிற்பேன்.

அடுத்தது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவின்கீழ் வரும் நோட்டீஸ். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காவல்துறை காரணம் காட்ட வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதுக்கு அவசியம் இல்லாத இடத்தில் இந்த நோட்டீஸை அனுப்பி ஆஜராகச் சொல்வார்கள். குறித்த நாளில் போனால், புதிய காரணம் எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்கான காரணமாகிவிடும். வழக்குரைஞரிடம் பேசிவிட்டுப் போங்கள், ஆனால் போங்கள். உண்மையிலேயே போக முடியாத நிலை என்றால் காரணத்தை எழுத்தில் அனுப்பி, வேறு தேதி கேளுங்கள்.

இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறைப்படி கொடுத்ததாக ஆகாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு தோன்றி, ‘உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது’ என்று ஒருவர் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

கைதான முதல் 24 மணி நேரம்

இந்தக் கட்டத்தில்தான் தவறுகள் அதிகம், திருத்தவும் கடினம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எதற்காகக் கைது செய்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22ஆவது உறுப்பு தரும் உரிமை. காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அண்மைத் தீர்ப்புகளில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. கைதுக் குறிப்பு என்ற ஆவணம் தயாரிக்க வேண்டும். அதில் குடும்பத்தினரோ அந்தப் பகுதியின் மதிப்புமிக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தவிர்க்க முடியாத சூழல் தவிர, பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்யவேண்டி வந்தால் பெண் அதிகாரி இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

கைதுக் குறிப்பில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் ஓடுகிறது. ‘சும்மா விசாரணைக்கு’ என்று அழைத்துப்போய் மறுநாள் கைது காட்டுவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு, யார் அழைத்துப்போனார்கள் என்பதைக் குடும்பத்தினர் அப்போதே குறித்துவைப்பதும், மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ உடனே மின்னஞ்சலோ வேறு எழுத்துத் தகவலோ அனுப்பிவைப்பதும் பின்னால் பெரிதும் கைகொடுக்கும்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் அந்த ஐந்து நிமிடம் சடங்கு அல்ல. அடித்தார்களா, கைதுக்குக் காரணம் சொன்னார்களா, வழக்குரைஞர் இருக்கிறாரா என்று அவர் கேட்பார். காயம் இருந்தால் அங்கேயே காட்டுங்கள். பிறகு சொல்வதைவிட அன்று பதிவானதற்கு எடை அதிகம்.

என்ன பேசலாம், எதில் கையெழுத்திடலாம்

பெயர், முகவரி, குடும்ப விவரம் ஆகியவற்றைச் சரியாகச் சொல்லுங்கள். அதற்கு மேல், உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சாசனத்தின் 20(3) உறுப்பு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் சோதனை நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கர்நாடகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் போன மேல்முறையீடுகளில் வந்த தீர்ப்பு.

‘உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். காவல்துறையினரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான ஆதாரமாகக் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் சொன்ன தகவலின்பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் ஆதாரமாக ஏறும். ‘கத்தியைக் கிணற்றில் போட்டேன், காட்டுகிறேன்’ என்பது அப்படித்தான் வழக்குக்குள் வருகிறது. மாஜிஸ்திரேட்டிடம் முறைப்படி தரும் ஒப்புதலோ முழுமையாகவே ஆதாரமாகும்.

விசாரணையில் காவல்துறை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். கைதுக் குறிப்பு, பறிமுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பதிவு) போன்றவை வேறு; அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

விசாரணையின்போது உங்கள் வழக்குரைஞரைச் சந்திக்க உரிமை உண்டு. முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. பணம் இல்லையே என்றால் 15100 என்ற சட்ட உதவி எண் இருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்குரைஞர் கிடைப்பார். இதற்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. இலவசம் என்பதாலேயே மட்டம் என்று நினைத்து ஒதுக்குவது நம் வழக்கம். யாருமே இல்லாமல் ரிமாண்டுக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜாமீன்: எதை வாங்குகிறோம்?

மாஜிஸ்திரேட் ஒருவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவது ரிமாண்டு. சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றக் காவல். விசாரிப்பதற்காகக் காவல்துறையிடம் ஒப்படைத்தால் போலீஸ் காவல். இது மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. புதிய சட்டத்தில் அந்த 15 நாளை, குற்றத்தைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்தும் கேட்கலாம்.

ஜாமீன் என்பது, ‘வழக்கு முடியும்வரை கூப்பிட்ட நாளில் வருவேன்’ என்ற உறுதியின்பேரில் வெளியே இருப்பது. அவ்வளவுதான். வழக்கின் உண்மை பொய்யைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. ‘பத்தாயிரம் ரூபாய் ஜாமீனில் வந்தார்’ என்று படிக்கிறவர்கள் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்ததாக நினைக்கிறார்கள். ரொக்கமாகச் செலுத்தச் சொல்லி உத்தரவு இருந்தால் ஒழிய, அது பிணைப் பத்திரத்தின் தொகை. வராமல் போனால் கட்டவேண்டி வரும் பணம். உங்களுக்காகக் கையெழுத்திடும் ஜாமீன்தாரரின் தலையிலும் அது விழும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பெரும்பாலும் இரண்டு பேரைக் கேட்பார்கள். அந்த இருவர் கிடைக்காததால் உத்தரவு கையில் இருந்தும் சிறையிலேயே கிடப்பவர்கள் உண்டு.

இந்தக் கொடுமையைப் பற்றி 1978லேயே ஒரு தீர்ப்பு வந்தது. மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார் மாஜிஸ்திரேட். தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர் முன்வந்தபோது அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ண ஐயர் அதைக் கடுமையாகச் சாடி, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடுவிக்கச் சொன்னார். இன்றும் தொகையோ ஆளோ தாங்க முடியாததாக இருந்தால், நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடலாம். பேசாமல் சிறையில் காத்திருக்கத் தேவையில்லை.

ஜாமீனில் நான்கு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உரிமை. காவல் நிலையத்திலேயே தரலாம். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால், கிடைக்கவே கிடைக்காது என்று பொருளல்ல. நீதிமன்றம் முடிவு செய்யும் என்று பொருள். முன்ஜாமீன் என்பது கைதுக்கு முன்பே செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ பெறுவது.

நான்காவதுதான் பலருக்குத் தெரியாதது: காலக்கெடு ஜாமீன். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை என்ற அளவிலான குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. போதைப்பொருள், பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் கணக்கு வேறு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் மனுப் போடாமல் இருந்து, 62ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். எனவே ரிமாண்டான தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள்.

வெளியே வந்தபின் நிபந்தனைகளைக் கவனியுங்கள். தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்து என்றால் தினமும்தான். புகார்தாரருக்கு ‘சமாதானமாகப் பேசலாம்’ என்று ஒரு செய்தி அனுப்பினாலும், சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். சமரசம் பேச வேண்டியிருந்தால் வழக்குரைஞர் வழியாகப் பேசட்டும். தொலைபேசியில் இருப்பவற்றை அழிக்கவும் வேண்டாம். அழித்த தடம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

இதுவரை சொன்னதில் மறக்கக் கூடாதது: ஜாமீன் வழக்கை முடிப்பதில்லை, வெளியில் இருந்து நடத்த வழிசெய்கிறது. நிபந்தனையை மீறினால் அந்த வழி அடைபடும்.

குற்றப்பத்திரிகை வந்தபின்

அதோடு இணைத்த வாக்குமூலங்கள், மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றின் நகலும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். நீங்கள் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் என்கிறது புதிய சட்டம். அதை வழக்குரைஞரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் நீங்களும் படியுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், எந்த ரசீது இருக்கிறது, எந்தக் கேமராவில் பதிவாகியிருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முகாந்திரமே இல்லை என்று தோன்றினால் விடுவிப்பு மனு போடலாம். புதிய சட்டம் இதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறது. செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும் வழக்கில் அது அங்கே ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தும், மாஜிஸ்திரேட்டிடம் காவல்துறை வழக்காக நடக்கும் வாரண்டு வழக்கில் (இரண்டாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களின் வழக்கு) நகல்கள் கிடைத்த நாளிலிருந்தும் ஓடும். வழக்கே அடிப்படையற்றது என்றால் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். இரண்டிலும் முழு சாட்சி விசாரணை நடக்காது. காகிதத்தில் இருப்பதை வைத்தே முடிவு.

குற்றச்சாட்டு வனையும் நாளில் நீதிபதி உங்களிடம், ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்பார். சிறு வழக்குகளில், ‘ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுங்கள், அலைச்சல் மிச்சம்’ என்று ஆலோசனை வரும். அபராதம் சிறிதாக இருக்கலாம். ஆனால் ஒப்புக்கொள்வது தண்டனை பெற்றதற்குச் சமம். அரசு வேலை விண்ணப்பத்திலும் காவல்துறைச் சரிபார்ப்பிலும் அது வந்து நிற்கும். இருபது வயதுப் பையனை இப்படி ஒப்புக்கொள்ளவைக்கும் பெரியவர்கள் அவனுக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்கள்.

விசாரணையும் அதற்குப் பிறகும்

நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது, அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி. சில சிறப்புச் சட்டங்களில் மட்டும் பொறுப்பின் ஒரு பகுதி உங்கள் பக்கம் திரும்பும். சாட்சிகளை உங்கள் வழக்குரைஞர் குறுக்கு விசாரணை செய்வார். பிறகு நீதிபதி சாட்சியங்களை உங்கள்முன் வைத்து, நேரடியாக உங்களிடமே விளக்கம் கேட்பார். சத்தியப் பிரமாணம் இல்லாத அந்தக் கேள்விகளுக்கு ‘பொய்’, ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது பலரின் வழக்கம். சொல்ல உண்மையான விளக்கம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். முன்கூட்டியே வழக்குரைஞருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வாய்தாக்கள் வருடக்கணக்கில் நீளலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, அதை நீதிமன்றச் செயலியில் இட்டால் அடுத்த தேதி தெரியும். ஒருநாள் வர முடியாவிட்டால் வழக்குரைஞர் வழியாக முன்கூட்டியே விலக்கு மனுத் தாக்கல் செய்ய வேண்டும். ஜாமீனில் இருப்பவர் காரணமின்றி வராமல் இருப்பது ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய தனிக் குற்றம்.

தண்டனை வந்தாலும் மேல்முறையீடு உண்டு. மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் பொதுவாக 60 நாள். தீர்ப்பின் நகல் இலவசமாகக் கிடைக்கும். சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம்; அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பது அவருடைய கடமை.